வாசகர் கேள்வி – பதில்: முகவரி மாறினாலும் மாறாத குறி

பழைய நூல்களையும் ஓலைச்சுவடிகளையும் மின்னுருவாக்கம் செய்து இணையத்தில் ஏற்றுவது குறித்துச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, ஏற்றியவை நெடுங்காலம் தொலையாமல் கிடைப்பதற்கு என்ன வழி என்றே கேட்டிருந்தன. ஆகவே இவ்விதழின் கேள்வி – பதில் பகுதி முழுவதும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கப்படுகிறது.

கேள்வி: என் ஆய்வேட்டின் அடிக்குறிப்புகளில் கொடுத்த இணைய முகவரிகளில் பல, ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்குள்ளாகவே திறக்காமல் போய்விட்டன. புறத்தேர்வாளர் கேட்டால் என்ன சொல்வது? நிலைத்த அடையாளக்குறி என்று ஒன்றைச் சொல்கிறார்களே, அது இதற்குத் தீர்வாகுமா?
– ஆய்வு மாணவி, திருச்சிராப்பள்ளி

பதில்: திறக்காமல் போனது உங்கள் குறையன்று. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013-இல் இணையத்தில் இருந்த பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுகளுக்குப் பின் கிடைக்கவில்லை. அந்நாட்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் சான்றாகக் காட்டப்பட்ட இணையச் சுட்டிகளில் ஏறத்தாழப் பாதி, முதலில் காட்டிய செய்தியை இப்போது காட்டவில்லை என்று ஹார்வர்டு சட்டப் பள்ளியைச் சேர்ந்தவர்கள் 2014-இல் கண்டறிந்தனர். தீர்ப்புகளுக்கே இந்தக் கதி என்றால் ஆய்வேட்டு அடிக்குறிப்புகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை.

இணைய முகவரி என்பது ஒரு பொருள் இன்று எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்கிறதே தவிர, அப்பொருள் எது என்பதைச் சொல்வதில்லை. தளத்துக்கென்று பதிவுசெய்த டொமைன் பெயர், கோப்புறையின் பெயர், அன்றைக்குப் பயன்பட்ட மென்பொருள் ஒட்டிவைத்த வால் ஆகியவை எல்லாம் அதில் கலந்து கிடக்கின்றன. இவற்றில் ஒன்றை மாற்றினாலும் பழைய முகவரி செத்துப்போகிறது. புதிய ஒப்பந்ததாரர் வந்து தளத்தைப் புதுப்பித்துக் கொடுக்கும்போது பெரும்பாலும் நேர்வது இதுதான்.

நம் கல்வெட்டறிஞர்களுக்கு இந்த வேறுபாடு நெடுநாளாகத் தெரியும். 1887 முதல் வெளிவந்த கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் ஒவ்வொரு கல்வெட்டுக்கும் ஓர் எண் இடப்பட்டது. ஆண்டையும் எண்ணையும் சொன்னால், எந்த ஊரில் எந்தக் கோயிலின் எந்தச் சுவரில் உள்ள கல்வெட்டு என்பது விளங்கிவிடும். கல்வெட்டின்மேல் தாளை ஒற்றி மையிட்டு எடுத்த மைப்படிகளை வைத்திருந்த அலுவலகம் 1966-இல் உதகமண்டலத்திலிருந்து மைசூருக்குப் போயிற்று. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. இத்தனை இடமாற்றங்களுக்குப் பிறகும், அறுபது ஆண்டுகளுக்கு முன் அச்சான ஒரு நூலின் அடிக்குறிப்பில் உள்ள ஆண்டறிக்கை எண் பழுதாகவில்லை. (பிற்கால அறிக்கைகளில் செப்பேடுகள் ஒரு பின்னிணைப்பிலும் கல்வெட்டுகள் வேறொரு பின்னிணைப்பிலும் தனித்தனியே எண்ணிடப்பட்டிருப்பதால், பின்னிணைப்பின் எழுத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எழுதுவோர் நம்மைத் தவறான இடத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.)

நிலைத்த அடையாளக்குறி செய்வதும் இதைத்தான். மாறாத குறி ஒன்று, அக்குறிக்கு எதிரே இன்றைய முகவரியைக் குறித்துவைத்த பதிவேடு ஒன்று, அப்பதிவேட்டைப் பார்த்து வாசகரின் உலாவியை உரிய பக்கத்துக்குத் திருப்பிவிடும் சேவையகம் ஒன்று ஆகிய மூன்றும் சேர்ந்ததே இந்த முறை. தளம் இடம் மாறினால் பதிவேட்டில் ஒரு வரியைத் திருத்தினால் போதும். உலகெங்கும் அச்சான அடிக்குறிப்புகள் அப்படியே செல்லும். ஆனால் அந்த வரியை யாராவது திருத்த வேண்டும். குறி தானாக நிலைப்பதில்லை. அதைக் காப்பதாக ஒரு நிறுவனம் ஒப்புக்கொண்டு, அந்தப் பொறுப்பை ஓர் ஆளிடம் கொடுத்து, அவர் ஓய்வுபெற்றபின் அடுத்தவரிடமும் கொடுக்கும்வரைதான் அது நிலைக்கும். தொழில்நுட்பம் இதில் சிறு பகுதியே.

புறத்தேர்வாளர் கேட்டால், நீங்கள் பார்த்த நாளையும் நூலின் முழு விவரத்தையும் காட்டுங்கள். மேற்கோள் காட்டும் முறையைப் பற்றிய மற்றொரு கடிதத்துக்கு இப்பகுதியின் முடிவில் பதில் இருக்கிறது.

கேள்வி: எங்கள் அறக்கட்டளை நூலகத்தில் சில நூறு சுவடிக்கட்டுகளும் சில ஆயிரம் பழைய அச்சு நூல்களும் இருக்கின்றன. இவற்றுக்கு நிலைத்த குறியாக டி.ஓ.ஐ. வாங்க வேண்டும் என்கிறார் ஒருவர். ஹேண்டில் போதும் என்கிறார் இன்னொருவர். ஆர்க் இலவசம் என்கிறார் மூன்றாமவர். ஆண்டுதோறும் கட்டணம் கட்டும் நிலையில் நாங்கள் இல்லை. எதைத் தேர்ந்தெடுப்பது?
– நூலகர், கும்பகோணம்

பதில்: உங்கள் நிலையில் ஆர்க்.

மூன்றும் அடிப்படையில் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இணையத்தின் அடிப்படை நெறிமுறையை வகுத்த இருவரில் ஒருவரான ராபர்ட் கான், அமெரிக்காவில் தாம் நிறுவிய சி.என்.ஆர்.ஐ. என்ற அமைப்பில் 1990-களில் உருவாக்கியது ஹேண்டில் முறை. டிஸ்பேஸ் மென்பொருளில் ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் அது புழங்குகிறது. அதன்மேல் கட்டப்பட்டதே டி.ஓ.ஐ.; "10." என்று தொடங்கும் அந்தக் குறியை ஆய்விதழ்க் கட்டுரைகளின் தலைப்பில் பார்த்திருப்பீர்கள். 2012-இல் அது பன்னாட்டுத் தர நிர்ணயமாகவும் ஆனது. கட்டுரைகளுக்கு கிராஸ்ரெஃப், ஆய்வுத் தரவுகளுக்கும் ஆவணங்களுக்கும் 2009-இல் தொடங்கிய டேட்டாசைட் என்று பதிவு முகமைகள் இருக்கின்றன. டி.ஓ.ஐ.-இன் பலம், ஆய்வுலகம் முழுவதும் அதை அறிந்திருப்பதும், ஆசிரியர், தலைப்பு, ஆண்டு போன்ற விவரங்களைக் கட்டாயம் தந்தாக வேண்டும் என்ற ஒழுங்கும் ஆகும். உறுப்பினர் கட்டணம் அதன் சுமை.

ஆர்க் முறையை 2001-இல் கலிஃபோர்னியா மின்னணு நூலகத்தைச் சேர்ந்த ஜான் குன்சே முன்வைத்தார். ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பினால் உங்கள் நிறுவனத்துக்கென்று ஐந்து இலக்க எண் ஒன்றைக் கட்டணமின்றித் தருவார்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் எத்தனை ஆயிரம் குறிகளை வேண்டுமானாலும் நீங்களே உருவாக்கிக்கொள்ளலாம். இலவசம் என்பதால் இதைக் குறைவாக எண்ண வேண்டாம். பிரான்சு தேசிய நூலகம் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக 12148 என்ற எண்ணின்கீழ் இதையே பயன்படுத்துகிறது. லூவர் அருங்காட்சியகம் 2021-இல் 4,80,000-க்கும் மேற்பட்ட பொருள்களின் விவரங்களை இணையத்தில் திறந்துவிட்டபோது, ஒவ்வொன்றுக்கும் 53355 என்ற எண்ணின்கீழ் ஆர்க் குறி இட்டிருந்தது. மோனாலிசாவின் குறி "ஆர்க்:/53355/" என்பதன்பின் "சிஎல்010062370" என்று முடிகிறது. உலகிலேயே பெயர்பெற்ற ஓவியத்தின் குறியில் ஓவியரின் பெயரோ ஓவியத்தின் பெயரோ இல்லை என்பதைக் கவனியுங்கள். அதைப் பற்றி அடுத்த பதிலில் பார்ப்போம்.

கட்டணம் இல்லை என்பதற்காகச் செலவே இல்லை என்று பொருளன்று. குறியைத் தேடிவருவோரை உரிய பக்கத்துக்குத் திருப்பிவிடும் வேலை பெரும்பாலும் உங்கள் சொந்தத் தளத்தின் தலையில்தான் விழும். எனவே எல்லாவற்றுக்கும் முன்னால் டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். சிறு நூலகங்கள் பலவற்றில் அது தளத்தை அமைத்துக் கொடுத்தவரின் சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது. அவர் வேறு வேலைக்குப் போன பிறகு, புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல் யாருடைய கண்ணிலும் படுவதில்லை. அறக்கட்டளையின் பெயரில் மாற்றி, முடிந்தவரை பல ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கட்டிவிடுங்கள். குறிக்கும் முகவரிக்கும் உள்ள பட்டியலை ஒரு சாதாரண விரிதாளாகவே வைத்திருக்கலாம், ஆனால் அதன் படி மூன்று வெவ்வேறு இடங்களில் இருக்கட்டும். அறக்கட்டளையின் தீர்மானப் புத்தகத்தில், இந்தக் குறிகளைக் காப்பது நூலகத்தின் பணிகளில் ஒன்று என்று ஒரு தீர்மானமும் எழுதிவைக்க வேண்டும் என்பேன். மென்பொருள் வல்லுநர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். ஆயினும் பத்தாண்டு கழித்து உதவப்போவது அந்தத் தீர்மானம்தான்.

சுவடி அட்டவணை போன்ற ஒரு சில கோப்புகளுக்கு மட்டும் டி.ஓ.ஐ. வேண்டுமென்றால், ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் 2013 முதல் நடத்திவரும் செனோடோ தளத்தில் ஏற்றினால் கட்டணமின்றிக் கிடைக்கும்.

கேள்வி: குறியைப் பார்த்த உடனே பொருள் விளங்க வேண்டாமா? மாவட்டம், ஊர், துறை, ஆண்டு ஆகியவற்றுக்கு ஈரிரண்டு எழுத்து ஒதுக்கிக் குறி அமைத்தால் பட்டியலைத் திறக்காமலே அறிந்துகொள்ளலாமே?
– ஓய்வுபெற்ற நில அளவைத் துறை அலுவலர், நாகர்கோவில்

பதில்: அலுவலகக் கோப்புக்கு இது நல்ல முறை, நிலைத்த குறிக்குப் பொருந்தாது. தரங்கம்பாடி ஆவணம் ஒன்றுக்கு 1990-இல் நீங்கள் குறியிட்டிருந்தால் அதில் தஞ்சாவூர் என்று இருந்திருக்கும். 1991-இல் அந்த ஊர் நாகப்பட்டினம் மாவட்டத்துக்குப் போயிற்று. 2020-இல் மயிலாடுதுறை மாவட்டத்துக்கு வந்தது. இப்போது குறியை மாற்றினால் அது நிலைத்த குறியன்று. மாற்றாவிட்டால் பொய் சொல்லும் குறி. துறை, காலம், ஆசிரியர் ஆகியவையும் இப்படித்தான். ஒரு சுவடியைப் பதினேழாம் நூற்றாண்டினது என்று குறித்துவைத்த பிறகு ஓர் அறிஞர் வந்து அதன் ஏட்டின் இறுதிக் குறிப்பைப் படித்து நூறாண்டு பின்னால் தள்ளிவிடுவார். மாறக்கூடியவை எல்லாம் விவரப் பக்கத்தில் இருக்கட்டும். அங்கே எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாம்.

ஆர்க் குறிகளை உருவாக்கப் பலரும் பயன்படுத்தும் நாய்டு என்ற கருவி இவ்வகையில் சுவையானது. பத்து எண்களையும் பத்தொன்பது ஆங்கில மெய்யெழுத்துகளையும் மட்டுமே அது எடுத்துக்கொள்கிறது. உயிரெழுத்துகளை விட்டதற்குக் காரணம், தற்செயலாக ஏதேனும் ஒரு சொல், அதிலும் வேண்டாத சொல், அமைந்துவிடக் கூடாது என்பது. ஒன்று என்ற எண்ணோடு குழம்பும் "எல்" எழுத்தும் இல்லை. மொத்தம் 29 குறியீடுகள். 29 பகா எண் ஆதலால், குறியின் கடைசியில் ஒரு சரிபார்ப்பு எழுத்தைக் கணக்கிட்டுச் சேர்க்க முடிகிறது. கையால் படியெடுப்பவர் ஓரெழுத்தைத் தவறாக எழுதினாலோ, அடுத்தடுத்த இரண்டெழுத்துகளை இடம் மாற்றினாலோ கணக்கு உதைக்கும். பிழை உடனே தெரிந்துவிடும். பொருள் விளங்கும் குறியில் இந்த வசதி கிடைப்பது அரிது.

கேள்வி: ஒரு சுவடிக்கட்டில் நான்கு நூல்கள் இருக்கின்றன. குறி கட்டுக்கா, நூலுக்கா, ஒவ்வோர் ஏட்டுக்கா, ஒவ்வொரு படத்துக்கா?
– சுவடிப் பதிவாளர், புதுச்சேரி

பதில்: வந்த கடிதங்களில் மிக முக்கியமானது இதுதான், குறியிடும் முறையைத் தேர்ந்தெடுப்பதில் செலவிடும் நேரத்தைப் பலர் இதில் செலவிடுவதில்லை.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் முதலாம் இராசராசன் பொறித்துவைத்த கல்வெட்டை எடுத்துக்கொள்வோம். கல்லில் உள்ள எழுத்து ஒரு பொருள். அதிலிருந்து எடுத்த மைப்படி வேறொரு பொருள். "தென்னிந்தியக் கல்வெட்டுகள்" இரண்டாம் தொகுதியில் முதல் எண்ணாக அச்சான பாடம் மூன்றாவது. இன்று ஒருவர் எடுக்கும் ஒளிப்படம் நான்காவது. மைப்படி கிழிந்தால் கல்வெட்டு கிழிவதில்லை. அச்சுப் பாடத்தில் பிழை இருந்தால் அது கல்லின் பிழையாகாது. நான்குக்கும் ஒரே குறியை இட்டால், "இந்தக் குறியில் இப்படி இருக்கிறது" என்று ஒருவர் எழுதும்போது எதைச் சொல்கிறார் என்பது விளங்காது. ஆகவே தனித்தனியே மேற்கோள் காட்டப்படக்கூடியவை எவையோ, தனித்தனியே காக்கப்பட வேண்டியவை எவையோ, அவற்றுக்குத் தனிக்குறி என்பது என் கருத்து. குறிகளுக்கிடையே உள்ள உறவை விவரப் பக்கம் சொல்லட்டும்.

உங்கள் கட்டைப் பொறுத்தவரை, கட்டுக்கு ஒரு குறியும், அதிலுள்ள நான்கு நூல்களுக்கும் தனித்தனியே நான்கு குறிகளும் வேண்டும். ஏட்டுக்கும் படத்துக்கும் தனிக்குறி தேவையில்லை. கட்டின் குறிக்குப் பின் ஒரு சாய்கோடிட்டு எண்ணைச் சேர்க்கும் வசதி ஆர்க் முறையிலேயே இருக்கிறது. உங்கள் ஊரோடு தொடர்புடைய சான்று ஒன்று உண்டு. பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரியில் அலுவலராக இருந்து 1854-இல் மறைந்த எதுவார் அரியேல் சேகரித்த தமிழ்ச் சுவடிகள் இன்று பாரிசில் பிரான்சு தேசிய நூலகத்தில் உள்ளன. அவற்றுள் மின்னுருவானவை அந்நூலகத்தின் காலிக்கா தளத்தில் ஆர்க் குறியோடு கிடைக்கின்றன. குறியின் இறுதியில் "எஃப்" என்ற எழுத்தோடு ஐந்து என்று சேர்த்தால் ஐந்தாவது படம் திறக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும்: அது படத்தின் வரிசை எண், ஏட்டின் எண் அன்று. மேற்பலகை, அளவுகோல், பாதுகாப்பு ஏடு ஆகியவையும் படமெடுக்கப்படுவதால், ஐந்தாவது படத்தில் இருப்பது முதல் ஏடாகக்கூட இருக்கலாம். படத்துக்கும் ஏட்டுக்கும் உள்ள ஒப்புமையைப் பதிவாளர்தான் எழுதிவைக்க வேண்டும்.

ஒரே எண், வெவ்வேறு வடிவம் என்பதற்கும் நம்மிடம் சான்று இருக்கிறது. தமிழ் நூல்களை மின்னூலாக்க 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களுக்கு வரிசை எண் கொடுத்தது. கணினியில் தமிழ் எழுத்துகளுக்கான பழைய டிஸ்கி குறியாக்கத்திலிருந்து யூனிகோடுக்கு மாறியபோது கோப்புகள் மாறின; நூலின் எண் மாறவில்லை. உரை ஒன்றே, குறியாக்கம் மட்டும் வேறு என்னும்போது அது சரியான முடிவு.

ஆள்களுக்கும் தனிக்குறி வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். ஔவையார் என்ற பெயரில் சங்கப் புலவரும் ஆத்திசூடி பாடியவரும் இருக்க, பெயரை மட்டும் எழுதும் அட்டவணை இருவரையும் ஒருவராக்கிவிடுகிறது. இதற்கென விக்கித்தரவிலும், நூலகங்கள் பொதுவாகப் பயன்படுத்தும் வி.ஐ.ஏ.எஃப். பட்டியலிலும் உள்ள எண்களை எடுத்தாளலாம். நாமே புதிதாகப் படைக்க வேண்டியதில்லை.

கேள்வி: பிரிட்டிஷ் நூலகமே பல மாதங்கள் முடங்கிக் கிடந்ததே? அங்கிருந்தவற்றுக்கு நிலைத்த குறி இருந்தும் என்ன பயன்?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: நியாயமான கேள்வி. 2023 அக்டோபர் இறுதியில் பணயத் தொகை கேட்கும் கும்பல் ஒன்று அந்நூலகத்தின் கணினிகளைத் தாக்கியது. முதன்மை அட்டவணை 2024 ஜனவரி நடுவில்தான் தேடுவதற்கு மட்டும் பயன்படும் அளவில் திரும்பியது. மின்னுருவான சுவடிகள் வருவதற்கு அதைவிடவும் நெடுங்காலம் ஆனது. அங்கே மின்னுருக்கள் பலவற்றுக்கும் ஆர்க் குறி இருந்தது. குறி அப்படியே இருந்தது. அது காட்ட வேண்டிய இடம்தான் இருண்டு கிடந்தது.

குறி வேறு, பாதுகாப்பு வேறு. குறி ஒரு பொருளைத் தவறாமல் சுட்டும். அதைத் தாங்கிப் பிடிக்காது. பொருள் பல இடங்களில் படிகளாக இருந்தால்தான் குறியைத் திருப்பிவிட வேறோர் இடம் இருக்கும். அந்நூலகம் நடத்தும் அழிநிலை ஆவணங்களுக்கான திட்டத்தின்கீழ், தமிழ்நாட்டுக் கிராமப் பஞ்சாயத்து ஆவணங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தேடிப் படமெடுத்தது. அத்திட்டத்தின் விதிப்படி மூல ஆவணம் நாட்டை விட்டுப் போவதில்லை. மின்படியும் உள்ளூர் நிறுவனம் ஒன்றில் வைக்கப்பட வேண்டும். லண்டன் தளம் முடங்கிய நாள்களில் அந்த விதியின் அருமை தெரிந்திருக்கும்.

குறிகளைக் காக்கும் அமைப்பே மாற வேண்டியிருந்தாலும் வழியுண்டு. ஓ.சி.எல்.சி. என்ற நூலகக் கூட்டமைப்பு 1995-இல் தொடங்கிய பர்ல் என்ற நிலைத்த முகவரிச் சேவையை, இணையப் பக்கங்களின் படிகளைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் 2016-இல் ஏற்றுக்கொண்டது. இருபது ஆண்டுக் குறிகள் வீணாகவில்லை. உங்கள் நிறுவனம் மூடப்பட்டால் பட்டியல் யாரிடம் போக வேண்டும் என்பதை இப்போதே எழுதிவைப்பது நல்லது.

பொருளே அழிந்துவிட்டால், அல்லது உரிமைச் சிக்கலால் நீக்கப்பட்டால், குறியை வேறு பொருளுக்கு இடக் கூடாது. "இப்படியொரு சுவடி இருந்தது; இன்ன நாளில் நீக்கப்பட்டது; காரணம் இது" என்று சொல்லும் ஒரு பக்கத்தை அந்தக் குறி காட்ட வேண்டும்.

கேள்வி: நான் நிறுவனம் அல்லன், கட்டுரை எழுதுபவன். நான் செய்யக்கூடியது என்ன?
– கட்டுரையாளர், கோயம்புத்தூர்

பதில்: உலாவியின் மேற்பட்டையில் உள்ள முகவரியை அப்படியே படியெடுக்காதீர்கள். அதில் உங்கள் தேடற்சொல்லும் அன்றைய அமர்வுக்குரிய குப்பையும் சேர்ந்திருக்கும். பக்கத்தில் "நிலையான இணைப்பு", "மேற்கோள்" என்று ஏதேனும் இருக்கிறதா என்று தேடி, அதை எடுங்கள். ஈழத்து நூல்களை மின்னுருவாக்கி 2005 முதல் இயங்கிவரும் "நூலகம்" என்ற தளத்தில் ஒவ்வொரு நூலின் பக்கத்திலும் "நூலக எண்" என்று ஒன்று இருக்கும். அதை எழுதினால் முகவரி மாறினாலும் நூலைக் கண்டுபிடித்துவிடலாம். குறி எதுவுமில்லாத தளமாக இருந்தால், இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அந்தப் பக்கத்தைச் சேமித்து, அந்தப் படியின் முகவரியையும் சேர்த்துக் கொடுங்கள். படங்களை உள்ளே திறந்துகாட்டும் தளங்களில் அது பல நேரம் விவரப் பக்கத்தை மட்டுமே சேமிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சுவடியை வைத்திருக்கும் நூலகம் கொடுத்த பழைய சுவடி எண்ணையோ நூலின் பதிப்பு விவரத்தையோ ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். பக்க எண்ணுக்குப் பதிலாகத் திரையில் தெரியும் எண்ணைக் கொடுப்பதாக இருந்தால், எண்ணுக்கு முன்னால் "படம்" என்று தவறாமல் எழுதுங்கள்.